மெல்தினேயின் பெயருக்குப் பக்கத்தில்

ஹியெராபோலிஸ்,
பானெமோஸ் மாதம், ஐந்தாம் நாள்

பிலதெல்பியாவில் இருக்கும் மெல்தினேக்குச் சாயக்காரன் கிளீகோன் எழுதுவது.

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்து தின்று கொழுத்தது போலவும் சில எழுத்து பட்டினி கிடந்தது போலவும் இருக்கும். வரி மேலே ஏறி ஏறிப் போகிறது, இழுத்துப் பிடித்தாலும் நிற்கவில்லை. இதுவரை எழுதியதற்கே காலையிலிருந்து மதியம் வரை ஆகிவிட்டது. ஆனால் இது என் கை. வேறு யார் கையும் இல்லை.

ஆமாம், அறுபத்தேழு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டேன். சென்ற குளிர்காலத்தில் வெந்நீர் வாய்க்காலில் சுண்ணம் படிந்து அடைத்துக்கொண்டது. தொட்டியெல்லாம் காய்ந்துவிட்டது. வேலை இல்லாமல் வடக்குச் சாலையில் கல்லறைக் கல் வெட்டுகிற தாமாஸின் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். அவன் நம் சபையைச் சேர்ந்தவன் இல்லை, அவனுக்கு வாயும் கொஞ்சம் நீளம். "யோவ், சும்மா உக்காந்திருக்கறதுக்கு அந்தக் கல்லுல என்னா எழுதியிருக்குன்னு பாரு. உனக்கும் ஒண்ணு வெட்டத்தானே போறேன், தப்பா வெட்டுனா கண்டுபிடிக்க வேணாமா?" என்றான். அப்படித்தான் தொடங்கியது. நான் முதன்முதலில் படித்தது, 'வழிப்போக்கனே, நலமாக இரு' என்பது. அன்று வீடு வரை வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

மெல்தினே, இந்த ஊர் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. குளியல் கூடத்துச் சுவரில் முப்பது வருஷமாகச் சாய்ந்து நின்றிருக்கிறேன். ரொட்டிக்காரன் மாவில் மண்ணைக் கலக்கிறான் என்று என் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. நானும் அவனிடம்தான் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போன முதல் வருஷம் மூன்று கடிதம் அனுப்பினாய். எனக்குப் படிக்கத் தெரியாததால் நம் சபை வாசகன் ஸோதிகோஸ்தான் வாசித்துச் சொன்னான். மூன்றிலும் ஒரே சங்கதி என்றான்: 'எனக்கு இங்கே வேறு வீடு அமைந்துவிட்டது, இனி என்னைத் தேட வேண்டாம்.' அதைக் கேட்டுவிட்டு மூன்றையும் சாயத்துக்கான மஞ்சிட்டி வேர் போட்டு வைக்கும் ஜாடியில் திணித்தேன். பதினாறு வருஷம் அங்கேயே கிடந்தன.

போன மாதம் எடுத்தேன். முதல் கடிதத்தைப் படித்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஸோதிகோஸ் சொன்ன வரி அதில் இல்லை. 'கூடையில் இருந்த அப்பம் யாருடையது என்று ஸோதிகோஸைக் கேளுங்கள்' என்று இருக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே வரிதான் இருக்கிறது.

முதலில் என் கண்மேல் சந்தேகப்பட்டேன். பிறகு ஸோதிகோஸ்மேல். உண்மையைச் சொன்னால் உன்மேலும்தான். அந்தச் செய்தியை யாரிடமாவது வாய்வழியாகச் சொல்லி அனுப்பினாயோ என்னவோ. உன் வீட்டில் யாராவது இருக்கிறாரா? ஆம், இல்லை, ஏதாவது ஒன்று எழுது. பெரிய எழுத்தாக எழுது.

கிளீகோன்

*

பிலதெல்பியா,
பானெமோஸ் மாதம், பதினேழாம் நாள்

கிளீகோன் பெயரில் கடிதம் எழுதுகிறவருக்கு,

நீங்கள் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்தான். கோணல் எழுத்து நல்ல யோசனை. ஆனால் எனக்குத் தெரிந்த கிளீகோன், நான் கம்பளிக் கணக்கு எழுதிவைத்த பலகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது யாருக்கு எழுதுற?" என்று கேட்டவர். எழுதத் தெரிந்த பெண்டாட்டியைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த கம்பளி வண்டிக்காரர், கிழவரே தன் கையால் கொடுத்தார், மூக்கில் மை ஒட்டியிருந்தது என்கிறார். வண்டிக்காரர்கள் கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கதை சொல்வார்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் சபையில் யாரோ பழைய பெயர்ச் சுருளைச் சரிபார்க்கிறார்கள். மெல்தினே என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் மெல்தினே அதை ஒப்புக்கொண்டதாக எங்கும் இல்லை. அவள் கையாலேயே ஒரு வரி வாங்கிவிட்டால் வேலை சுத்தமாக முடிந்துவிடும். வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்பது அதற்குத்தானே? பதில் தரமாட்டேன்.

எழுதுகோல் உண்மையிலேயே கிளீகோன் கையில்தான் இருக்கிறது என்றால் ஒன்றை எழுதட்டும். நான் வாசலைத் தாண்டிய அன்று அவர் கடைசியாக என்னிடம் என்ன சொன்னார்? அப்போது அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் வெட்கப்பட்டுச் சொல்லியிருக்கமாட்டார்.

மெல்தினே

*

ஹியெராபோலிஸ்,
பானெமோஸ் மாதம், இருபத்தெட்டாம் நாள்

மெல்தினே,

"மழை வரும்போல இருக்கு, போர்வைய எடுத்துக்கோ." இதைத்தான் சொன்னேன். நீ எடுத்துக்கொள்ளவில்லை. நீ எல்லைக் கல் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் போர்வை இங்கேதான் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் வருஷத்துக்கு இரண்டு முறை வெயிலில் போடுகிறேன்.

உன் கடிதத்தை நானே படித்தேன். நான்கு நாள்தான் ஆயிற்று. தலைகீழ்ப் பலகை விஷயம் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். தாமாஸ் உளியைக் கீழே வைத்துவிட்டு, "பொண்டாட்டி திட்டுறதப் படிச்சுட்டுச் சிரிக்கிற மொத ஆளு நீதான்யா" என்றான்.

இப்போது நான் செய்ததைக் கேள். ஸோதிகோஸுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. சபையில் வாசிக்கும்போது பாதியைப் பார்த்தும் பாதியை மனப்பாடமாகவும் சொல்கிறான், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் ஒரு தாளில் தாமாஸின் கல்லறைக் கல் ஒன்றைப் பார்த்து எழுதினேன்: 'அல்லியோன் இங்கே உறங்குகிறான். கழுதைகள் வளர்த்தான். வழிப்போக்கனே, நலமாக இரு.' அதை மடித்து எடுத்துக்கொண்டு போய், மெல்தினேயின் பழைய கடிதம், இன்னொரு தடவை வாசித்துச் சொல் தம்பி என்றேன்.

அவன் அதை முகத்துக்குக் கிட்டே பிடித்தான். பிறகு ஒரே மூச்சில் வாசித்தான்: "எனக்கு இங்கே வேறு வீடு அமைந்துவிட்டது, இனி என்னைத் தேட வேண்டாம்." பதினாறு வருஷத்தில் ஒரு அசைகூட மாறவில்லை, மெல்தினே. உண்மையாக நடந்ததை நாம் அங்கங்கே மறந்துவிடுகிறோம். இதை அவன் மறக்கவே இல்லை.

கழுதைக்காரனை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே ஸோதிகோஸ் பொய் சொன்னான். ஆனால் அவன் பொய்யன் என்பதால் நீ குற்றமற்றவள் ஆகிவிடமாட்டாய். நானே என் கண்ணால் பார்த்தேன். லவோதிக்கேயா வாயிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த மூடிய வீட்டிலிருந்து, கூடையோடு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாய். உள்ளே ஒரு ஆணின் இருமல் கேட்டது. மூன்று ஞாயிறு தொடர்ந்து பார்த்தேன். அது யார் வீடு? இதற்கு மட்டும் பதில் எழுது.

கிளீகோன்

*

பிலதெல்பியா,
லோவோஸ் மாதம், பதினோராம் நாள்

நீங்கள்தான். சரி.

மூன்று ஞாயிறு பின்னாலேயே வந்து நின்று பார்த்திருக்கிறீர்கள். அது எனக்கு இத்தனை நாள் தெரியாது. முதல் ஞாயிறே கதவைத் தட்டியிருந்தால் இருமியது யார் என்று தெரிந்திருக்கும்.

அத்தாலோஸ், ஸோதிகோஸின் அண்ணன். நினைவிருக்கிறதா? பேரரசரின் பலிபீடத்தில் சாம்பிராணி போடச் சொன்னபோது, கடையைக் காப்பாற்ற ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வந்தவர். சபை அவரைத் தள்ளிவைத்தது. அவரோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, அவருக்கு அப்பம் கொடுக்கக்கூடாது, கொடுக்கிறவர்களும் வெளியே போக வேண்டும் என்று விதி. ஊரை விட்டே போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். அவர் போகவில்லை. அந்த வீட்டில் நுரையீரல் அழுகிக்கொண்டு கிடந்தார்.

ஸோதிகோஸ் என்னிடம் வந்து, "அக்கா, வாசகன் நான் போனா ஊரே பாக்கும். பொம்பள கூடையோட போனா யாரு கேக்கப்போறா?" என்றார். சபை அப்பத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்து ஞாயிறுதோறும் கொடுத்தார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். என் கடிதத்தை அவர் மாற்றி வாசித்த பிறகு அந்த வாக்கு என்னைக் கட்டாது. நான் கையைத் துடைத்தது, அத்தாலோஸின் வாயைத் துடைத்துவிட்டதால்.

நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. மூப்பர்களிடம் போனீர்கள். அவர்கள் கூடிய அன்று ஸோதிகோஸ் அங்கே சுருளோடு உட்கார்ந்திருந்தார். இப்போது வாயைத் திறப்பார், இப்போது திறப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை, மைக்கூட்டைத்தான் திறந்தார். என் பெயரை எழுதி, பக்கத்தில் அந்தச் சொல்லையும் எழுதினார். மொய்கேயா. விபச்சாரம். தெரிந்தும் அவளை வீட்டில் வைத்துக்கொள்கிற கணவனும் அந்தப் பாவத்தில் பங்காளி என்று பெரிய மூப்பர் உங்களிடம் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

ஸோதிகோஸ்தான் உங்களுக்கு வாசிப்பார் என்று தெரிந்தேதான் அந்த மூன்று கடிதத்தையும் எழுதினேன். நானாக வாக்கை மீறமாட்டேன், ஆனால் அந்த வரியை அவர் வாயாலேயே உங்கள் முன்னால் வாசிக்க நேர்ந்தால் உடைந்துபோய்ச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நான் மனிதர்களை அளந்தது அவ்வளவுதான்.

இப்போது எதற்கு இதையெல்லாம் தோண்டுகிறீர்கள்? முழங்கால் வலிக்கிறதா? சமைக்க ஆள் வேண்டுமா? வேறு யாரையாவது கட்டிக்கொண்டு அவளும் போய்விட்டாளா? என்னை அங்கே கூப்பிடுவதாக எண்ணம் இருந்தால், மூப்பர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாக்கை உடுத்திக்கொண்டு சபை வாசலில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழ அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், நான் செய்தேன் என்று. செய்யாததைச் சொல்லமாட்டேன். இங்கேயே தறியடியில் சாவேன்.

மெல்தினே

*

ஹியெராபோலிஸ்,
கொர்பியாயோஸ் மாதம், இரண்டாம் நாள்

மெல்தினே,

வேறு யாரையும் கட்டவில்லை. மனைவியைத் தள்ளிவைத்தவன் தனியாகத்தான் இருக்க வேண்டும், அவள் மனம் மாறி வந்தால் ஒருமுறை சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே விதிதான். அதற்காக மட்டும் தனியாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் தொட்டியில் கம்பளி ஊறிக் கருத்துப்போயிற்று. நான் எடுக்கவில்லை.

பிறகு மூப்பர்களிடம் போனேன். ஸோதிகோஸும் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தாலோஸ் எப்போதோ செத்துவிட்டார், சாட்சி யார் என்றார்கள். நான் ஸோதிகோஸைப் பார்த்தேன். அவன் தன் கால்விரலைப் பார்த்தான்.

பெரிய மூப்பர் கனிவாகத்தான் பேசினார். "கதவு தொறந்துதான் இருக்கு, சகோதரா. அவ வந்து வாசல்ல உக்காந்து, செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒரே ஒரு வார்த்தைதானே?"

"அவ செய்யலேன்னா?"

"செய்யாதவள எதுக்குத் தள்ளிவச்சிருப்போம்?"

இந்தப் பதிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் யோசிக்க எனக்கு நேரம் இல்லை. சுருள் மேசைமேல் இருந்தது. கேட்டு வாங்கிப் பிரித்தேன். உன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

அந்தச் சொல்லை எனக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே தெரியும். அன்று ஸோதிகோஸ் எழுதும்போது பார்த்துக்கொண்டே இருந்தேனே. முதலில் இரட்டைக் குன்று மாதிரி ஒரு எழுத்து, பிறகு ஒரு வட்டம், ஒரு கோல், நட்டநடுவில் ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு கோல், ஒரு சீப்பு, மறுபடி ஒரு கோல், கடைசியில் ஒரு கூடாரம். பதினாறு வருஷமாகக் கண்ணை மூடினால் அதுதான். இந்த உலகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான்.

ஊரில் இந்தச் சொல் பெண்டாட்டிக்கும் அவளிடம் வந்தவனுக்கும் மட்டும்தான். மதுக்கடைக்கும் அடிமைப் பெண்ணிடமும் போகிற கணவனை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நம் சபையில்தான் ஆணையும் சேர்த்துச் சொல்கிறோம், அதில் நமக்குப் பெருமை வேறு. இன்னொன்றும் வருஷா வருஷம் வாசிக்கிறோம்: அந்தக் குற்றம் செய்யாத மனைவியை அனுப்பிவிடுகிறவன் தலையில்தான் அந்தப் பழி விழும் என்று. நானும் வருஷா வருஷம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

எழுதுகோலை எடுத்து, உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். பக்கத்தில் அந்தச் சொல்லையும். என் எழுத்து கல்லில் வெட்டியதுபோல் பெரிதாக விழும் அல்லவா, இரண்டு வரி இடம் பிடித்துக்கொண்டது.

"என்னா கிறுக்குற?" என்றார் மூப்பர்.

"படிச்சுப் பாருங்க. அந்த வார்த்தைய யாராவது சொல்லியே ஆகணும்னா, அது எனக்குத்தான் சேரும்."

சாக்கு எதற்கு, சாயக்காரன் உடுத்தியிருப்பதே சாக்குதான். நேராகப் போய் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ஞாயிறு ஆயிற்று. உள்ளே போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். தாமாஸ்கூட வந்து பார்த்துவிட்டு, "என் கல்லு பக்கத்துல உக்காந்த, எழுத்து வந்துச்சு. இங்க உக்காந்தா என்னா வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நேற்று மதிய வெயிலில், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருவன் தலையை மூடிக்கொண்டு வந்தான். கையில் துணி போட்டு மூடிய கூடை. கோல் தட்டும் சத்தத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

"அண்ணே, பசிக்கும்ல" என்றான் ஸோதிகோஸ்.

"மூடிக் கொண்டாந்தத எடுத்துட்டுப் போ. தொறந்து கொண்டா, திங்கறேன்."

துணியைச் சரியாக இழுத்து மூடினான். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி வருவானா என்று தெரியவில்லை. அவன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

உன்னை வா என்று நான் கேட்கவில்லை.

கிளீகோன்

*

பிலதெல்பியா,
கொர்பியாயோஸ் மாதம், பன்னிரண்டாம் நாள்

நான் நம்பவில்லை. வண்டிக்காரரை உட்கார வைத்து இரண்டு முறை கேட்டேன். ஒரு கிழவர் சபை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், தலைமுடியில் கல் தூள், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்கிறார் என்றார். பிறகு நம்பினேன். முழுக்க இல்லை.

ஸோதிகோஸ் கூடையைத் திறந்து கொண்டுவந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் ஒருவர் காதில் மட்டும் விழும்படி மன்னிப்புக் கேட்டுவிட்டு, உங்களைச் சாப்பிட வைத்துவிட்டுப் போவார். உங்களுக்கு இளகிவிடும். சுருளில் எழுதியது அப்படியே இருக்கும். எழுதிய கைதான் அதை அழிக்க வேண்டும்.

வெறும் தரையில் உட்காராதீர்கள். எதையாவது மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள். இல்லை. யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன்.

அந்தப் போர்வையை இங்கே அனுப்ப வேண்டாம்.

மெல்தினே

*

ஹியெராபோலிஸ்,
கொர்பியாயோஸ் மாதம், இருபத்து நான்காம் நாள்

மெல்தினே,

இந்தக் கடிதத்தின் எழுத்து முன்பைவிட மோசமாக இருக்கும். வாசல் படியில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன்.

ஞாயிறு காலை, சபை கூடுகிற நேரம். எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஸோதிகோஸ் சந்தைத் தெரு வழியாக வந்தான். தலையில் துணி இல்லை. கூடையை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான், மேலே மூடி இல்லை, அப்பம் எல்லோருக்கும் தெரிந்தது. படியில் தடுக்கி என் மடிமேலேயே விழப் பார்த்தான். அக்குளில் சுருளும் இருந்தது.

உன் எச்சரிக்கை நினைவில் இருந்தது. நான் அப்பத்தைத் தொடவில்லை. "உரக்கச் சொல்லு" என்றேன்.

அவன் திரும்பி எல்லோரையும் பார்த்து நின்றான். அவனுக்கு யார் முகமும் தெரிந்திருக்காது, ஒருவேளை அதனால்தான் முடிந்ததோ என்னவோ. சபையில் வாசிக்கிற அதே குரலில் சொன்னான்: "மெல்தினே கூடையில இருந்த அப்பம் எங்க அண்ணனுக்குப் போச்சு. குடுத்தனுப்புனது நான். அவ ஒண்ணும் செய்யல. எழுதுனது நான். கடுதாசியப் பொய்யா வாசிச்சதும் நான்."

பெரிய மூப்பர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஸோதிகோஸ் கீழே உட்கார்ந்து சுருளைப் பிரித்தான். ஈரப்பஞ்சு கொண்டுவந்திருந்தான். ஆனால் அவன் கண்ணுக்கு இடம் தெரியவில்லை. விரலால் தடவினான், முகத்துக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தான், கழுதைக்காரனின் தாளை அன்று முகத்துக்கு நேராகப் பிடித்தானே, அதே மாதிரி. நான் அவன் கட்டைவிரலைப் பிடித்து உன் பெயருக்குக் கொண்டுபோனேன். பிறகு பக்கத்தில் நகர்த்தினேன். இரட்டைக் குன்று, வட்டம், கோல். இங்கேயிருந்து துடை என்றேன். கூடாரம் வரை துடைத்தான்.

மை போய்விட்டது. கறை கொஞ்சம் இருக்கிறது. சாயக்காரனாகச் சொல்கிறேன், அது போகாது. ஆனால் இனி யாராலும் அதைப் படிக்க முடியாது.

பிறகுதான் அப்பத்தைத் தின்றேன். பாதியை அவனுக்குக் கொடுத்தேன். இப்போது வாசல் படியில் இரண்டு பேர். மூப்பர்கள் உள்ளே இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உனக்குக் கடிதம் அனுப்புவார்களாம். வந்தால் ஒவ்வொரு சொல்லாகப் பார், அவசரப்பட்டு நம்பிவிடாதே.

என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதை அழிக்க ஸோதிகோஸ் பஞ்சை நீட்டினான். வேண்டாம் என்றுவிட்டேன். அதை அழிக்க வேண்டியது அவன் இல்லை, நானும் இல்லை. நீ அழிக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுத்து நன்றாகவே விழுந்திருக்கிறது.

தரையில் உட்காரவில்லை, எதையோ மடித்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். ஆனால் உன் போர்வையை அல்ல. அது காய்ந்து, மடித்து, கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் இங்கே மழை பிடிக்கும்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அதற்குள் நீ கிளம்பியிருந்தால் என் கடிதமும் நீயும் வழியில் ஒருவரை ஒருவர் கடந்து போவீர்கள், அது பூட்டிய வீட்டில் போய்க் கிடக்கும். கிடக்கட்டும். எப்படியும் எழுதுவேன்.

கிளீகோன்